மல்லாந்து பார்க்க ஒரு தெரு

ஆலையில் அவருக்கு வைத்த பெயர் அட்டை. அட்டைப்பெட்டி செய்கிற ஆலையில் எல்லோரும்தான் அட்டையோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் பெயர் நிலைத்தது அவர் ஒருவருக்குத்தான். கழிவுக் குவியலில் எதையாவது பார்த்துவிட்டால் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொள்வார், உப்பைத் தூவினாலும் விடமாட்டார் என்று பெட்டிகளைக் கட்டு கட்டும் பெண்கள் ஒருநாள் சொல்லிச் சிரித்தார்கள். அதோடு அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அவருக்கு வெட்டு எந்திரத்தில் வேலை. ஒரு முழு அட்டையை உள்ளே தள்ளினால் மேலிருந்து அச்சு இறங்கும், பெட்டியின் வடிவம் வெட்டுப்பட்டு மடிப்புக்கோட்டோடு வெளியே வரும். மிச்சமெல்லாம் காலடியில் விழும். ஓரத்து நாடாக்கள், மூலைச் சதுரங்கள், பெட்டியைத் தூக்கக் கை நுழைப்பதற்காக வெட்டுகிற ஓட்டையிலிருந்து விழும் நீள்வட்டத் துண்டுகள். மற்றவர்களுக்கு அது மிதித்துக்கொண்டு போகிற சங்கதி. இவர் வேலை முடிந்து போகும்போது குனிந்து குனிந்து பொறுக்கி, பையில் நிரப்பிக்கொண்டு போவார். அந்த நீள்வட்டங்கள் வீட்டுக்குப் போய் இலையாகும், ஓடாகும், ஒருமுறை முதலையின் முதுகாகக்கூட ஆயிற்று.

வீட்டு முன்னறையில் இடம் விடாமல் படங்கள். சோடா மூடியால் ஒரு எருமை. பழைய நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்து ஒட்டிய ஒரு மழை நாள். முட்டை அட்டையை ஊறவைத்து அரைத்துச் செய்த, மூக்கு மட்டும் பெரிதாகிவிட்ட ஒரு கிழவர். யாரும் விலைக்குக் கேட்டதில்லை, அவரும் விற்க நினைத்ததில்லை. படத்தில் எழுத்து மட்டும் வரக்கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒரே சட்டம். எழுத்து இருந்தால் கண் படிக்கப் போய்விடும், பார்க்காது என்பார். அதனால் எந்தப் பெட்டியை எடுத்தாலும் எழுத்துள்ள பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்.

"மத்த வீட்டுல குப்பைய வெளியில கொட்டுவாங்க. எங்க வீட்டுல ஆணியடிச்சு மாட்டுவோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டு, மறுநாள் தான் வேலை செய்யும் தையல் கடையிலிருந்து வெட்டுத் துணியும், பல் போன ஜிப்பும், காலி நூல்கண்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். "இந்தாங்க, உங்க சொத்து" என்று மேசையில் கொட்டுவாள். உடுப்பைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பது அவள் வேலை என்றாலும், அந்தக் கடையை ஓட்டியது அவள் வாய்தான். வந்தவர் இடுப்பு பெருத்திருந்தால், "துணி சுருங்கிடுச்சுங்க, உங்க மேல என்ன தப்பு" என்பாள். பிள்ளைகள் இல்லை. அந்த வருத்தமும் பேசிப் பேசித் தேய்ந்து பழசாகிவிட்டது. மிஞ்சியது இந்த எருமையும் கிழவரும், ஓயாத பேச்சும்.

ஒரு மழை நாளில் கடை மாடிப்படியில் துணி மூட்டையோடு இறங்கும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. முதுகெலும்பில் விரிசல். அறுவை வேண்டாம், ஆனால் எலும்பு கூடும்வரை மல்லாந்தே கிடக்க வேண்டும் என்றார் மருத்துவர். உட்காரக் கூடாது. தலையணை கூடாது. திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் பிடித்து, மரத்தை உருட்டுவதுபோல மொத்தமாக உருட்ட வேண்டும். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டதற்கு, "மாசக்கணக்கு ஆகும், பொறுமையா இருங்க" என்றார். சொல்கிறவருக்கென்ன, அடுத்த நோயாளி வாசலில் நிற்கிறார்.

அன்றிலிருந்து அட்டைக்காரருக்குப் பொழுது விடிவதும் தெரியவில்லை, அடைவதும் தெரியவில்லை. இருட்டோடு எழுந்து கழிவுத்தட்டை வைத்து எடுத்து, வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்து, முதுகுக்கு மருந்துப்பொடி போட்டு, உருட்டி, மறுபடி உருட்டி, வளைத்த உறிஞ்சுகுழாயில் கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, ஆலைக்கு ஓட வேண்டும். மத்தியானம் கீழ்வீட்டுக்காரம்மா வந்து ஒரு வாய் கொடுத்துவிட்டுப் போவார். அதுவே பெரிய புண்ணியம். சாயங்காலம் வந்தால் துவைக்கிற துணி மலை. நின்றுகொண்டே சாப்பிடப் பழகினார். பிறகு நின்றுகொண்டே தூங்கவும் பழகினார். ஒருநாள் குழாயடியில் பக்கெட் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான், தான் கண்மூடி நின்றது அவருக்கே தெரிந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு ஒன்று. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பேசுவதற்கு ஏதாவது நடக்க வேண்டுமே, அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

"நாள் முழுக்க என்ன பண்ணுன?" என்று கேட்டார் ஒருநாள், சாப்பாடு ஊட்டிக்கொண்டே.

"சீலிங்கப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் சீலிங்கத்தான் பார்த்தேன்."

அவர் அண்ணாந்தார். சுண்ணாம்பு உப்பி, ஈரக்கறை படர்ந்து, ஒரு மூலையில் ஒட்டடை. பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை அவள் பார்ப்பது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் முன்னறைச் சுவரெல்லாம் படம் மாட்டி என்ன பிரயோசனம்? அவள் கிடப்பது உள்ளறை, அவளுக்கு இருப்பது கூரை மட்டும். மறுநாள் சாயங்காலம் பசை காய்ச்சினார்.

கூரையில் படம் செய்வது சுவரில் மாட்டுகிற மாதிரி இல்லை. விழுந்தால் அவள் முகத்தில்தான் விழும். ஆணி கூடாது, மூடி கூடாது, கனமாக எதுவும் கூடாது. முட்டை அட்டைக்கூழ், பழுப்புத்தாள், வெட்டுத்துணி, காலி மாத்திரை அட்டையின் வெள்ளித்தகடு என்று ஊதினால் பறக்கிற சாமானாகப் பார்த்து எடுத்தார். ஒவ்வொரு துண்டையும் மேசையில் செய்து காயவைத்து, முதலில் சமையலறைக் கூரையில் ஒட்டுவார். ஒருநாள் முழுக்க அடுப்பின் ஆவியில் விழாமல் தாக்குப்பிடித்தால்தான் அதற்கு உள்ளறையில் இடம். படத்துக்காகச் செய்த ஒரு வீட்டுக் கூரை பரீட்சையில் தோற்று, கொதிக்கிற பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் ரொட்டி தின்றார்கள்.

என்ன படம் என்று அவர் யோசிக்கவே இல்லை. அவள் தினமும் நடந்துபோன கடைத்தெருவையே செய்தார். ஓட்டு வீடுகளும் கடைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற தெரு. கூம்புக் கூரைகளுக்கு அந்த நீள்வட்டத் துண்டுகளை வரிசையாக அடுக்கினார். விளம்பரத் தாள்களில் நீலம் எங்கே இருந்தாலும் கிழித்தெடுத்து வானம் ஒட்டினார். பாதைக்கு ஈரச் சாம்பல் நிறத்தில் முட்டை அட்டை. மாத்திரை அட்டைகளின் வெள்ளிக் குமிழ்கள் ஜன்னல்களாயின. தின்ற மாத்திரைக்கு அப்படியாவது ஒரு பயன் இருக்கட்டும்.

ஒட்டும்போது கட்டிலின் கால்மாட்டில், வாசலை ஒட்டி முக்காலியைப் போட்டு, அவள் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். தூசி அவள் கண்ணில் விழுகிறதா, முகம் சுளிக்கிறாளா என்று பார்க்க வேண்டுமல்லவா? மின்விசிறியை நிறுத்தியிருப்பதால் அவளுக்கு வேர்க்கும். கழுத்துவரை பழைய வேட்டியைப் போர்த்தி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுவார். அண்ணாந்தே நிற்பதில் அவர் கழுத்து இற்றுவிடும். ஒட்டி முடித்ததும், "இப்ப கண்ணத் திற. எப்படி இருக்கு?" என்பார்.

அவள் கொஞ்ச நேரம் பார்ப்பாள். "நல்லா இருக்கு" என்பாள்.

மேற்கொண்டு அவரும் கேட்கமாட்டார். கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் தூங்கிவிடுவார். முன்னறையில் கதவை ஒட்டிப் பாய் விரித்து, அவள் அசைந்தால் கேட்கும்படி காதை மட்டும் உள்ளறையில் விட்டுவிட்டுப் படுப்பார். அவள் கூப்பிடாத ராத்திரியிலும் அவள் கூப்பிட்டதாக எழுந்து உட்காருவார்.

தெரு வளர வளர அவர் தேய்ந்தார். ஆலையில் ஒருநாள் அச்சு இறங்குகிற நேரம் அவர் கை உள்ளேயே இருந்தது. பக்கத்து எந்திரத்துக்காரன் பார்த்து எந்திரத்தை நிறுத்தும் கட்டையை அமுக்கியதால் கை தப்பியது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"அண்ணே, கண்ணக் கட்டிவிட்டாக்கூட நூல் பிசகாம வெட்டுவீங்கன்னு உங்களத்தானே புதுசா வர்றவனுக்கெல்லாம் காட்டுவேன்! என்னாச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல தம்பி. லேசா கண் அசந்துட்டேன்."

"லேசாவா? கை போயிருக்கும். நாளையிலிருந்து கட்டு கட்டுற பக்கம் போயிருங்க."

கட்டு கட்டும் பெண்கள் அவரைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். வீட்டில் இதை அவர் மூச்சு விடவில்லை. ஆனால் கட்டுக் கயிறு அறுத்த உள்ளங்கையோடுதானே அவளை உருட்டுகிறார்? அவள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

அப்போதுதான் அவள் அக்கா தொலைபேசியில் வந்தார். ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய ஊர். பெரிய வீடு, இரண்டு மருமகள்கள், ஏவினால் ஓடுகிற ஆட்கள். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. அங்க ரெண்டு கை, இங்க பத்துக் கை. எழுந்து நடக்கிற வரைக்கும் நான் வச்சுப் பார்த்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை மெத்தை போட்டு வண்டி கொண்டு வரேன். அவ சரின்னா கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"என்ன சொல்ற?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் உடம்பு. நீதான் சொல்லணும்."

"பார்க்கலாம்" என்றாள் அவள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

நியாயம் என்னவோ அக்கா பக்கம்தான். அது அவருக்கும் தெரியும். ஆனால் அவருக்குப் பயமாக இருந்தது. கட்டின பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள வக்கில்லை என்று ஊர் பேசுமே என்பது ஒரு பக்கம். அதைவிட, அவள் இல்லாத வீட்டைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே போக அவரால் முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சத்தமோ, மௌனமோ, ஏதோ ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. அதனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவை முடித்துவிட வேண்டும். தெருக்கோடியில் அவள் கடை, கடைக்குள் தையல் எந்திரத்தின் முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதைப் பார்த்தால் போகமாட்டாள். களைத்த மனுஷனின் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அவள் பழைய அளவு நாடாவை எடுத்து, எண்கள் உள்பக்கம் போகும்படி சுருட்டி, குனிந்து தைக்கிற உருவம் ஒன்று செய்தார். கொண்டையும் வைத்தார். அத்தோடு விடாமல், கடைக்கூரை மேல் ஒரு பூனை. நூல்கண்டு வயிறு வேண்டாம், கனம் என்று தாளிலேயே உருட்டி, மீசைக்கு மட்டும் கறுப்பு நூல். சனிக்கிழமை சாயங்காலம் கடைசித் துண்டை ஒட்டிவிட்டு இறங்கினார்.

"முடிஞ்சது. எப்படி இருக்கு?"

அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். உதடு லேசாகச் சிரித்தது. "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். 'ரொம்ப' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்று அவர் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து இறங்கினார். ஆள் பெரிய உருவம். குரல் அதைவிடப் பெரிது. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்க, வந்ததும் வராததுமாக நேரே உள்ளறைக்குப் போய், "நகருடி... ஐயோ, நீ நகரக்கூடாதில்ல, நானே ஒண்டிக்கிறேன்" என்று தங்கை பக்கத்தில் கட்டிலில் சாய்ந்துவிட்டார். வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கும் இடுப்பு போயிருந்தது. கதவுப் பக்கம் நின்றிருந்த அட்டைக்காரர் டீ போடப் போனார்.

டம்ளர்களோடு திரும்பி வரும்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், பழையபடி.

"...அந்த வரிசையப் பாரேன், எல்லாம் மீன்பிடி படகு. பலகை பலகையா அடிச்சிருக்கார் பார்த்தியா? அந்தப் பச்சைப் படகு பணக்காரங்களோடது. தண்ணி எப்படி இருக்கு! மேல ஒரே மேகமூட்டம். மழை வரும்போல, அதான் யாரும் கடலுக்குப் போகல. எல்லாப் படகும் கரையில நிக்குது."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "கடைசிப் படகுக்குப் பக்கத்துல என்னடி, சுருட்டி வச்ச கயிறா?"

"கயிறுதான். கட்டிப்போடற கயிறு. அதுக்குக் கீழ ஒரு மீன் இருக்கு பாரு. மீனுக்கு எதுக்கு மீசை வச்சார்னு நேத்துலருந்து யோசிக்கிறேன். அவர் எங்க கடலப் பார்த்தார்? நானும்தான் பார்த்ததில்ல. கல்யாணமான புதுசுல கேட்டேன், ஒரு தடவ கடலும் கப்பலும் காட்டுங்கன்னு. அப்புறம் நானே மறந்துட்டேன். இந்த மனுஷன் அத ஞாபகம் வச்சு, இத்தன வேலையிலயும் செஞ்சிருக்கார் பாருக்கா."

அவர் வாசலில் நின்றார். ஒன்றும் விளங்கவில்லை. அண்ணாந்து பார்த்தார். தெரு. அவருடைய தெரு, ஓடு ஓடாக, நேராகத்தான் இருந்தது. எந்தப் படகு? எந்தக் கடல்? அவள் எப்போது கேட்டாள் என்று நினைத்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராதது டீயைவிடச் சுட்டது.

அக்கா டீயை வாங்கிக்கொள்ள எழுந்து கால்மாட்டுக்கு வந்தார். ஒரு வாய் குடித்தார். யதேச்சையாக அண்ணாந்தார். டம்ளர் பாதியில் நின்றது.

"ஏய்! இது உங்க கடைத்தெருடி!"

"எது?"

"இந்தப் படம்தான். இங்கருந்து பார்த்தா வீடு வீடா நிக்குது. அது வானம், தண்ணி இல்ல. தம்பி, நீங்க இங்கனயே நின்னு ஒட்டியிருக்கீங்க. அங்க படுத்திருக்கிறவளுக்கு எல்லாம் தலைகீழ், கூரையெல்லாம் படகு!" அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "மீசை வச்ச மீனாம்ல! அது பூனைடி!"

கட்டிலில் ஒரு சத்தம் வந்தது. அவளுக்கு வலி என்று நினைத்து அவர் பாய்ந்தார். சிரிப்பு. விழுந்த நாளிலிருந்து வராத சிரிப்பு. முதுகில் குத்தக் குத்த, முதுகுக்காகக் கட்டியிருந்த இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வேணாம், வலிக்குது, பூனையா அது" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேறொரு நாளாக இருந்தால் அட்டைக்காரரும் சிரித்திருப்பார்.

"அப்ப அந்தக் கயிறு?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் அண்ணாந்து அந்த நாடாச் சுருளைப் பார்த்தார்.

"சொல்லுங்க. அந்தக் கயிறு என்ன?"

"அது நீ" என்றார். "மெஷின் முன்னாடி உட்கார்ந்து தைக்கிற."

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்பவே பிரிச்சுத் திருப்பி ஒட்டிடறேன். நாலே நாள்ல ஒட்டிடுவேன்" என்று அவர் முக்காலியை இழுத்தார். ஏறினார். தோசைத்திருப்பி மாதிரி ஒரு தகட்டை எடுத்து ஓரத்தில் கொடுத்து நெம்பப் போனவருக்குத் தலை சுற்றியது. ஒரு கை காற்றைத் துழாவியது.

"கீழ இறங்குங்க!" அது தையல் கடைக் குரல். தெருவுக்கே கேட்டிருக்கும். "இறங்குங்கன்னா இறங்குங்க. அதத் தொடக்கூடாது."

அவர் இறங்கி, கால்மாட்டில் உட்கார்ந்தார். அவள் கூரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். "வண்டியில மெத்தை போட்டாச்சா?"

"போட்டிருக்கு."

"நான் வரேன்."

அவர் சட்டென்று எழுந்தார். "தெரியாம நடந்து போச்சு. படம் பிடிக்கலைன்னா..."

"படத்துக்கென்ன, உசிரா இருக்கு. அட்டையில ஒரு நூல் பிசகாத ஆளுங்க நீங்க. மேல் எது கீழ் எதுன்னு தெரியாம ஒரு தெருவையே ஒட்டியிருக்கீங்க. எவ்வளவு அசந்து போயிருந்தா இப்படி ஆகும்? படுத்துக்கிடந்தே உங்களக் கொல்லப் பார்த்திருக்கேன் நான்."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கீங்க." அவள் குரல் இறங்கியது. "போய் உங்க மூஞ்சியக் கண்ணாடியில பாருங்க. நான் தினமும் பார்க்கிறேன்."

அவர் கெஞ்சினார். கோபப்பட்டார். கடைசியில், "உன்ன அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். அக்கா முன்னறைக்குப் போய் அந்த எருமையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார். அவள் கையை நீட்டி, கயிறு அறுத்த அவர் உள்ளங்கையைத் தடவினாள். "தூங்குங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

பலகையில் கிடத்தி, நாலு பேர் பிடித்து மாடிப்படி இறக்கினார்கள். தலைப்பக்கம் அவர் பிடித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். வண்டிக் கதவைச் சாத்தும்போது கீழ்வீட்டுக்காரம்மா அழுதார். அட்டைக்காரருக்கு அழுகை வரவில்லை. வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு, மாடி ஏறிச் சாவியைப் போட்டுத் திறந்தார்.

கழிவுத்தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். உறிஞ்சுகுழாயைக் கழுவினார். துவைக்கத் துணி எதுவும் இல்லை. வீட்டில் அத்தனை சாமானும் இருந்தது, இருந்தும் சத்தம் போட்டால் எதிரொலிக்கும்போல இருந்தது. உள்ளறைக்குப் போனார். அவள் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒருமுறை பார்த்துவிடலாம், அந்தப் படகுகளைப் பார்த்துவிட்டு ஆற அமர அழலாம் என்று, மெத்தையில் அவள் கிடந்த பள்ளத்திலேயே மல்லாந்து படுத்தார். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. தலையைச் சரிசெய்து, கண்ணை மேலே தூக்கினார். படகு வந்ததா, தெரு வந்ததா, அவருக்குத் தெரியாது. தூக்கம் வந்துவிட்டது.

ஆலைச் சங்கு ஊதித்தான் விழித்தார். மறுநாள் காலை. ராத்திரி முழுக்க ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. யாரும் கூப்பிட்டதாகத் தோன்றவில்லை. கழுத்து வலி இல்லை. கண் எரியவில்லை. உடம்பு லேசாக, இளவயதில் இருந்த மாதிரி இருந்தது. அவ்வளவு சுகமாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவள் போன முதல் ராத்திரியே இப்படியா தூங்குவான் ஒருத்தன்? கட்டிலில் உட்கார்ந்து, தூங்கிய குற்றத்துக்காகத் தேம்பித் தேம்பி அழுதார்.

தொலைபேசி அடித்தது. அவள்தான். வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மருமகள்களில் ஒருத்தி போனை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"தூங்குனீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று எப்படிச் சொல்வது? நீ இல்லாதது எனக்கு நிம்மதி என்று சொல்கிற மாதிரி ஆகிவிடாதா? "எங்க தூக்கம் வருது, ராத்திரி பூரா புரண்டுகிட்டேதான் கிடந்தேன்" என்றார்.

"அப்ப நான் எதுக்குங்க இங்க வந்து கிடக்கேன்?" என்றாள்.

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"இல்ல, பொய் சொன்னேன். தூங்குனேன். நீ கிளம்புனதும் படுத்தவன் இப்பத்தான் எந்திரிச்சேன். நீ வீட்டுல இல்லங்கிறதுகூடத் தெரியாமத் தூங்குனேன்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள். "நேரமாகுது பாருங்க, வேலைக்குக் கிளம்புங்க. இன்னைக்கும் நல்லாத் தூங்குங்க."